ஆட்டோபைலட் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது? ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் விமர்சனம்

விமானம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: “இப்போ எல்லாமே ஆட்டோபைலட்தானே, பைலட்டுக்கு அங்கே என்ன வேலை?” சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. காக்பிட் கதவு மூடியே இருக்கிறது. உள்ளே நடப்பது எதுவும் பயணிக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கடைசியில் சக்கரம் தரையைத் தொடும்போது வரும் அதிர்வு மட்டும்தான். அந்த அதிர்வை வைத்தே பைலட்டுக்கு மார்க் போட்டுவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று வீட்டில் உட்கார்ந்தே சோதித்துப் பார்க்கலாம். 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக, ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு உருவாக்கிய விமானம் ஏ32என்எக்ஸ். ஏர்பஸ் ஏ320நியோவின் கணினி வடிவம் இது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விளையாட்டாக ஓட்ட நினைப்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் விமானம் தானாகச் செய்வது எது, மனிதர் செய்தே ஆக வேண்டியது எது என்ற கோட்டை இது காட்டும் விதம்தான் இதன் உண்மையான பலம். அந்தக் கோணத்திலிருந்தே இந்த விமர்சனம்.

நிறுவுவது எளிது. குழுவின் இன்ஸ்டாலரை இறக்கி ஸ்டேபிள் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். டெவலப்மென்ட் பதிப்பில் புதிய வசதிகள் முதலில் வரும், புதிய பிழைகளும் கூடவே வரும். நிறுவியபின் இரண்டு வேலைகளை முடிக்காமல் ஓடுபாதைப் பக்கம் போக வேண்டாம். ஒன்று, சிமுலேட்டரின் உதவி அமைப்புகளில் ஆட்டோ ரடர் (வால் சுக்கானைத் தானே திருப்புவது), ஆட்டோ டிரிம் போன்ற அனைத்தையும் அணைப்பது. ஏ320-க்கு அதன் சொந்தக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து வரும் உதவி அவற்றோடு மல்லுக்கட்டும். அதோடு, உதவியை வைத்துக்கொண்டு இறங்கினால் உங்கள் கை என்ன செய்தது என்பதே உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் லீவரின் காலிப்ரேஷன் (அளவமைப்பு). ஏ320-இன் லீவர் கார் ஆக்சிலரேட்டர் மாதிரி வேலை செய்வதில்லை. ஐடில் (குறைந்தபட்ச சக்தி), கிளைம்ப் (மேலேறும் சக்தி), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டுச் சக்தி), டோகா (முழுச் சக்தி) என்று அது ‘டக்’கென்று உட்காரும் இடங்கள் உண்டு. மேலெழுந்தபின் கிளைம்ப் இடத்துக்கு இழுத்து வைத்தால், தரையிறங்கும்வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இன்ஜின் சக்தி ஏறி இறங்கும், லீவர் அசையாது. காக்பிட்டில் உள்ள ஃப்ளைபேட் டேப்லெட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல் சிறு வரம்பு கொடுங்கள். கொடுக்காவிட்டால், புறப்பட்டுச் சற்று உயரம் போனதும் திரையில் ‘எல்விஆர் சிஎல்பி’ என்று மின்னிக்கொண்டே இருக்கும், இன்ஜின் சக்தியைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் பொறுப்பை எடுத்துக்கொள்ளாது. பலர் இதை மென்பொருள் பிழை என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இனி விமானத்துக்குள் போகலாம். மின்சாரமே இல்லாத நிலையிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஓடும் நிலையில் ஓடுபாதையிலிருந்து தொடங்கினால் இந்தப் பொருளின் பாதியை இழப்பீர்கள். பேட்டரி வோல்டேஜ் 25.5-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளி மின்சாரம் அல்லது ஏபியூவை (வாலில் உள்ள சிறு துணை இன்ஜின்) இணைக்க வேண்டும், இருப்பிடத்தை உணரும் கருவிகளான ஏடிஐஆர்எஸ்ஸின் மூன்று திருகுகளையும் நேவ் நிலைக்குத் திருப்ப வேண்டும். விமானம் தன் இருப்பிடத்தையும் திசையையும் உணர்ந்துகொள்ள நிஜத்தில் பல நிமிடங்கள் ஆகும், அதுவரை அசையக் கூடாது. ஃப்ளைபேடில் இந்த நேரத்தை உடனடி, வேகம், நிஜம் என மூன்று விதமாக வைக்கலாம். நிஜத்தில் வையுங்கள். அந்த நிமிடங்களில் விமானக் கம்ப்யூட்டரின் விசைப்பலகையும் திரையுமான எம்சிடியூவில் பாதை, எரிபொருள், எடை, வேகங்கள் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க வேண்டிய நெருக்கடி என்னவென்று அப்போதுதான் தெரியும்.

எடையை ஏற்றும் இடத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எரிபொருள் இல்லாத எடை 60 டன் என்றால் வேண்டுமென்றே 50 என்று அடியுங்கள். எம்சிடியூ மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. பர்ஃப் (செயல்திறன்) பக்கத்தில் கணக்கிட்டுத் தரும் தரையிறங்கும் வேகம் மட்டும் பத்து நாட் (மணிக்குப் பத்து நாட்டிகல் மைல்) அளவுக்குக் குறைந்து வரும். நம்பி ஓட்டினால் பாதுகாப்புக்குத் தேவையான வேகத்தைவிட மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் ஓர் ஏ340-500 புறப்படும்போது நடந்ததும் இப்படிப்பட்டதே. 362.9 டன் என்று வர வேண்டிய எடை, கணக்கீட்டில் 262.9 டன் என்று ஏறிவிட்டது. ஓர் எண்தான் மாறியது. விமானம் வாலை ஓடுபாதையில் உரசி, ஓடுபாதை தீர்ந்த பிறகே மேலெழுந்தது. எண்ணை அடித்தபின் இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பதும், வந்த வேகம் இந்த எடைக்குப் பொருந்துகிறதா என்று மனதுக்குள் ஒப்பிடுவதும் வெளியே யாருக்கும் தெரியாத வேலைகள். கம்ப்யூட்டர் சொன்ன விடை சரிதானா என்று கம்ப்யூட்டருக்கு முன்பே ஓரளவு தெரிந்து வைத்திருப்பது ஒரு திறமை.

புறப்படுவதைப் பொறுத்தவரை ஆட்டோபைலட் பேச்சுக்கே இடமில்லை. ஏ320-இல் தரையை விட்டு எழுந்து குறைந்தது 5 நொடியும் 100 அடியும் கடந்த பிறகுதான் அதைப் போட அனுமதி உண்டு. ஓடுபாதையில் நேராகப் பிடிப்பது, நொடிக்கு 3 டிகிரி என்ற அளவில் மூக்கை உயர்த்துவது, அந்த இடைவெளியில் ஏதாவது பழுதானால் நிற்பதா பறப்பதா என்று முடிவெடுப்பது எல்லாம் மனிதர் வேலைதான்.

அந்த முடிவுக்கான எல்லைதான் வி1 வேகம். அதற்கு முன் நிறுத்தினால் மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நிற்கலாம். அதற்குப் பின் பறந்தே ஆக வேண்டும். அதனால்தான் வி1 வரை கேப்டனின் கை லீவர் மேல் இருக்கும், வி1 என்ற குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார். பழக்கத்தில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சிமுலேட்டரில் இதைச் செய்து பார்க்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். வி1 தாண்டியதும், உங்களிடம் சொல்லாமல், இரண்டு இன்ஜின் மாஸ்டர் சுவிட்சுகளில் ஒன்றை அவர் அணைக்கட்டும். இடது இன்ஜின் நின்றால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது பெடலை மிதிக்க வேண்டும். முதல் முயற்சியில் மூன்று தவறுகளில் ஒன்று நடக்கும்: கால் தாமதமாகும், தவறான கால் போகும், அல்லது பயத்தில் முழு பெடலையும் மிதித்து எதிர்ப்பக்கம் வளைப்பீர்கள். சரியான முறையில், பெடலை மூக்கு நேராகும் அளவுக்கு மட்டும் மிதித்து, வழக்கமான 15 டிகிரிக்குப் பதில் 12.5 டிகிரிக்கு மெதுவாக உயர்த்தி, விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டி, திரையில் நீலமாக மாறும் சைட்ஸ்லிப் குறியை நடுவில் கொண்டுவந்து பிடிக்க வேண்டும். 400 அடி வரை பழுதைப் பற்றி எதுவும் தொடக் கூடாது, விமானத்தை ஓட்டுவது மட்டும்தான் வேலை. விமானிகளின் தேர்ச்சி ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்பட வேண்டும் என்பது உலகப் பொதுவிதி. நகரும் சிமுலேட்டரில் நடக்கும் அந்தச் சோதனைகளில் தவறாமல் வரும் பாடம் இது.

ஆட்டோபைலட் போட்ட பிறகாவது ஓய்வா? ஏ32என்எக்ஸ் மிகச் சிறப்பாகச் செய்திருக்கும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள எஃப்சியூ திருகுகளை உள்ளே தள்ளினால் விமானம் தன் திட்டப்படி போகும், வெளியே இழுத்தால் நீங்கள் வைத்த எண்ணைப் பின்பற்றும். என்ன கேட்டீர்கள் என்பதற்கும் விமானம் என்ன புரிந்துகொண்டது என்பதற்கும் இடைவெளி வரலாம். அது என்ன புரிந்துகொண்டது என்பது பிரதான திரையின் உச்சியில், எஃப்எம்ஏ என்ற ஒற்றைப் பட்டையில் மட்டும் எழுதியிருக்கும். விமானிகள் அங்கே வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டுப் படிப்பார்கள்.

ஏன் என்று தெரிய, இறங்கும் வீதத்துக்கான திருகைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பட்டன், அதை மாற்றினால் அதே திருகு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதிலிருந்து எத்தனை டிகிரி சரிவு என்பதற்கு மாறிவிடும். 3.3 டிகிரி சரிவு சாதாரணமானது. நிமிடத்துக்கு 3300 அடி என்பது தரைக்கு அருகில் உயிர் போகும் வீதம். 1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஓர் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இந்த இரண்டும் குழம்பியிருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் வைத்த காரணங்களில் ஒன்று. அன்றைய திரையில் டிகிரி சரிவு -3.3 என்றும் நிமிடத்துக்கு 3300 அடி வீதம் -33 என்றும் தெரிந்தன. நடுவில் ஒரு புள்ளிதான் வேறுபாடு. இன்று அடி வீதத்தில் 33-க்குப் பின்னால் இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். ஏ32என்எக்ஸிலும் அதே சிறு வட்டங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட நுணுக்கத்தை ஒரு தன்னார்வலர் குழு விடாமல் செய்திருப்பதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

கீழிறங்கும் கணக்கு தனிக் கலை. ஆயிரம் அடிக்கு மூன்று நாட்டிகல் மைல், அதாவது 35,000 அடியிலிருந்து 105 மைல், வேகம் குறைக்க இன்னும் பத்து மைல். ஏ32என்எக்ஸின் கம்ப்யூட்டர் இந்த இடத்தைத் தானே காட்டும். ஆனால் இறங்கும் பாதையின் காற்று விவரத்தை நீங்கள் ஏற்றாவிட்டால் பின்காற்றில் உயரமாகவே வந்து மாட்டிக்கொள்வீர்கள். நியோ வழுக்கிக்கொண்டு போகும் விமானம், ஒரே நேரத்தில் இறங்கவும் வேகம் குறையவும் அதற்குப் பிடிக்காது. விமானி மனதில் கணக்கு ஓடிக்கொண்டே இருப்பதால்தான், பயணி அந்த நேரத்தில் எதையும் உணர்வதில்லை.

இனித் தரையிறக்கம். பாதை 3 டிகிரி, தரைவேகம் 140 நாட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 740 அடி வீதம் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். 50 அடியிலிருந்து எதுவும் செய்யாமல் விட்டால் 4 நொடியில் தரை. 30 அடியிலிருந்து இரண்டரை நொடி. அந்த இரண்டரை நொடிக்குள் மூக்கைச் சற்று உயர்த்தி, சக்தியை முழுக்கக் குறைத்து, பக்கக்காற்று இருந்தால் பெடலால் நேராக்க வேண்டும். ஏர்பஸ்ஸில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 50 அடியில் மூக்கின் கோணத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொண்டு, 30 அடியிலிருந்து மெதுவாக மூக்கைத் தாழ்த்தத் தொடங்கும். சாதாரண விமானத்தில் வருவது போல, விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டிய அவசியத்தை அது வேண்டுமென்றே உண்டாக்குகிறது. இதுவும் ஏ32என்எக்ஸில் உண்டு. ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுப் பாருங்கள், மூக்கு விழுவது தெரியும்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிட ஒரே மானிட்டர் போதாது. ரேடியோ உயரக் குரலைக் கேளுங்கள். 50, 40, 30 என்று குரல்களுக்கு நடுவே ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருந்தால் வீதம் சரி. இடைவெளி சுருங்கினால் வேகமாக விழுகிறீர்கள், நீண்டால் மிதக்கிறீர்கள். பார்வையை இறங்கும் புள்ளியில் நிறுத்தாமல் ஓடுபாதையின் மறுகோடிக்கு உயர்த்துங்கள்.

சிமுலேட்டர்காரர்களிடம் பரவியிருக்கும் ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. தரையைத் தொட்டபோது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டும் செயலிகளை வைத்துக்கொண்டு, 60 அடி வந்தால் கொண்டாடுகிறார்கள், 250 அடி வந்தால் வருந்துகிறார்கள். பயணிகள் அதிர்வை வைத்து மார்க் போடுவதும் இதுவும் ஒன்றே. 135 நாட் வேகத்தில் விமானம் நொடிக்கு 70 மீட்டர் ஓடுகிறது. பஞ்சு போலத் தொட வேண்டும் என்று மூன்று நொடி மிதந்தால் 200 மீட்டருக்கு மேல் ஓடுபாதை வீண். ஈரமான ஓடுபாதையில் மெல்லத் தொட்டால் சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கும். சக்கரம் சுழலாவிட்டால், விமானத்தின் எடை காலில் இறங்காவிட்டால், இறக்கை மேல் தடுப்புகள் எழுவதும் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். மழையில் ‘தடால்’ என்று இறங்கிய விமானியைப் பார்த்துப் பின்னிருக்கையில் முகம் சுளிப்பவர்கள், அவர் வேண்டுமென்றே அப்படி இறக்கியிருக்கலாம் என்பதை அறியமாட்டார்கள்.

பக்கக்காற்றையும் வைத்துப் பாருங்கள். வானிலை அமைப்பில் ஓடுபாதைக்குச் செங்குத்தாக 25 நாட் கொடுங்கள். விமானத்தின் மூக்கு ஓடுபாதையிலிருந்து பத்து டிகிரி விலகியே வந்துகொண்டிருக்கும். கடைசி நொடிகளில் பெடலால் நேராக்கும்போது காற்றுப் பக்க இறக்கை எழும், அதை ஸ்டிக்கால் அடக்க வேண்டும். இதை ஆட்டோபைலட்டிடம் விட்டுவிடலாமே என்றால், ஏ320-இல் தானியங்கித் தரையிறக்கத்துக்கான பக்கக்காற்று வரம்பு 20 நாட். கையால் இறக்குவதில் செய்துகாட்டப்பட்டது 38 நாட் வரை. காற்று மோசமாகும்போது கம்ப்யூட்டர் ஒதுங்கிக்கொள்கிறது, மனிதர் ஓட்டுகிறார். “கஷ்டமான நேரத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்” என்ற பரவலான நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. தானியங்கித் தரையிறக்கம் கடும் மூடுபனிக்கானது. அதையும் ஏ32என்எக்ஸில் செய்து பார்க்கலாம்: ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு), அப்ரோச் பட்டன், இரண்டு ஆட்டோபைலட்டும் ஆன். எஃப்எம்ஏவில் ‘லேண்ட்’ என்ற சொல் 350 அடிக்குள் வராவிட்டால் மேலே போக வேண்டும், ‘ரிட்டார்ட்’ (சக்தியைக் குறை) குரல் வந்ததும் லீவரைக் குறைப்பதும் உங்கள் கைதான்.

குறைகளுக்கு வருவோம். ஃப்ளைபேடில் பழுதுகளை உண்டாக்க ஒரு பக்கம் இருக்கிறது, ஆனால் பட்டியல் முழுமையானதில்லை. ஓடுபாதையில் பக்கக்காற்றில் ஓடும்போது சக்கரப் பிடிப்பு நம்பும்படியாக இல்லை. அந்தக் குறை பெரும்பாலும் சிமுலேட்டருடையது. ஒருவரே இருவர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. நிஜத்தில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கண்காணித்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த உரையாடல்தான் பாதிப் பாதுகாப்பு. உடல் உணர்வும் கிடையாது. மேகத்துக்குள் வேகம் கூடும்போது மூக்கு மேலே போவதாக உள்காது பொய் சொல்லும். அதை நம்பாமல் கருவியை நம்பப் பழகுவதை நாற்காலியில் உட்கார்ந்து கற்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிஜத்தில் இல்லாத ஒரு பட்டன் இதில் இருக்கிறது: பாஸ் (இடைநிறுத்தம்). 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் சக்தியிழந்த ஏ320-க்கு, மோதலுக்கும் ஹட்சன் ஆற்றில் இறங்கியதற்கும் நடுவே இருந்தது 208 நொடி. கேப்டன் சல்லன்பெர்கர் ஏபியூவை உடனே இயக்கினார், அதனால் விமானத்தின் மின்சாரமும் கட்டுப்பாட்டுப் பாதுகாப்பும் நிலைத்தன. துணைவிமானி ஸ்கைல்ஸ் கையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியல், அதிக உயரத்தில் இன்ஜின்கள் நிற்பதை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதை முடிக்க நேரமில்லை. 155 பேரும் பிழைத்தார்கள். பின்னர் சிமுலேட்டரில், உடனே திரும்பிய முயற்சிகள் பலவற்றில் விமான நிலையத்தை எட்ட முடிந்தது. நிலைமையை உணர்ந்து முடிவெடுக்க 35 நொடி சேர்த்துப் பார்த்தபோது எட்ட முடியவில்லை. ஏ32என்எக்ஸில் 3000 அடியில் இரண்டு மாஸ்டர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பாஸைத் தொடாமல் 35 நொடி எண்ணிவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

வாங்க வேண்டிய பொருள் என்றால், கால் பெடலுக்கு முதலிடம் கொடுங்கள். முறுக்கும் ஜாய்ஸ்டிக்கில் ரடர் கொடுத்தால் கையும் காலும் செய்ய வேண்டிய இரு வேலைகள் ஒரே மணிக்கட்டில் வந்து சிக்கிக்கொள்ளும், பக்கக்காற்றுப் பயிற்சி உருப்படாது. அடுத்தது, நிற்கும் இடங்கள் உள்ள த்ரஸ்ட் லீவர். பெரிய மானிட்டர் எல்லாம் பிறகு.

பிறகு 25 நாட் பக்கக்காற்றில் இருபது தரையிறக்கங்கள் செய்யுங்கள். அதிர்வைக் குறிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: 1000 அடியில் வேகமும் பாதையும் நிலையாக இருந்தனவா, முதல் 900 மீட்டருக்குள் சக்கரம் பட்டதா, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது. 1000 அடியில் நிலை சரியில்லை என்றால் இறங்காமல் மேலே போய்ச் சுற்றி வாருங்கள், அதையும் வெற்றி என்றே குறித்துக்கொள்ளுங்கள்.